நெகடிவ் யார் கையில்?

எங்க அத்தையோட படம் ஒண்ணு போன வருஷம் சென்னையில் ஒரு கண்காட்சிக் கூடத்துச் சுவரில் தொங்கியது. நரைத்த முடி மின்னியது. காதில் கிடந்த கம்மல் மின்னியது. பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவர் பளிச்சென்று இருந்தது. முகம் மட்டும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. கீழே விலை எழுதியிருந்தார்கள். அத்தையின் பெயரை எழுதவில்லை.

எடுத்த தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தார். "மொகம் தெரியலையே தம்பி" என்றேன். "அதுதான் மேடம் மூட். ஃபிலிம்ல அந்த நிழல்தான் அழகு. டிஜிட்டல்ல இந்தக் கறுப்பு வராது" என்றார். நல்ல பையன். திமிராகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

இந்தச் சண்டையில் என் பங்குப் பழியும் இருக்கிறது. அவர்களை எங்கள் காலனிக்குக் கூட்டிக்கொண்டு போனவளே நான்தான். பொங்கல் முடிந்த வாரம். வேனில் பதினைந்து பேர். ஒருத்தர் கழுத்தில் ரோலிஃபிளெக்ஸ், ஒருத்தர் கழுத்தில் யாஷிகா, இரண்டு மூன்று நிக்கான் எஃப்எம்2, ஒரு பெண்ணிடம் அவங்க தாத்தா வைத்திருந்த அக்ஃபா கிளிக் 3. பழைய கேமராவில் ஃபிலிம் போட்டு எடுத்து, தாங்களே கழுவி, பிரிண்ட் போடுகிற கூட்டம். இப்போது இது பெரிய மோஸ்தர். ஒரு ரோல் விலை ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது. அதனாலேயே ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் யோசிக்க வேண்டியிருக்கிறதாம், பொறுமை வருகிறதாம், பழைய காலத்தின் நேர்மை வருகிறதாம். வேனில் வரும்போது அவர்கள் பேசிக்கொண்டு வந்தது இதைத்தான். எனக்கு எங்கப்பாவின் விரல்கள்தான் ஞாபகத்தில் வந்துகொண்டிருந்தன.

அப்பா 1974இல், பதினாலு வயசில், எங்கள் தாலுகா டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். முன்கட்டில் பெஞ்சு, கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, தாஜ்மகால் வரைந்த திரை. அங்கே அப்பாவுக்கு வேலை இல்லை. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களின் மோவாயைத் தொட்டுத் திருப்பவோ, கல்யாணப் பெண்ணின் புடவை மடிப்பைச் சரிபண்ணவோ வேறு பையன் இருந்தான். அப்பாவுக்குப் பின்கட்டில் டார்க் ரூம். மொதலாளிக்கு டெவலப்பர் பட்டால் கை அரிக்கும், புண்ணாகும். மெட்டால் என்கிற ரசாயனம் சில பேர் தோலுக்கு ஆகாது. அப்பாவுக்கும் ஆகவில்லை. யார் கேட்டார்கள்? விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, நகம் கறுத்து, வெடித்து, செத்துப்போகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தது.

"அந்த ஊருல இருக்கிற அத்தினி பேரு மூஞ்சியும் என் கையிலதான்டி கழுவினேன். முன்னாடி தொடக்கூடாது. இருட்டுல தொட்டா ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார். தீண்டாமையைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், இரண்டு மூன்று எழுதியும் இருக்கிறேன். சிவப்பு பல்பு வெளிச்சத்துக்குத் தீட்டு கிடையாது என்கிற இந்தச் செய்தி எந்தக் கட்டுரையிலும் இல்லை.

ஃபிலிமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அத்தையின் முகம் எங்கே போனது என்பது புரியாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமின்மேல் வெள்ளி உப்பு பூசியிருக்கும். வெளிச்சம் பட்ட இடம் டெவலப்பரில் வெள்ளியாகிக் கறுக்கும். படாத இடத்து உப்பை ஹைப்போ கரைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நெகடிவில் பண்ணையாரின் வெள்ளை வேட்டி கட்டியான கறுப்பு. அதில் வெள்ளி நிறைய. வேட்டிக்குத் தக்க வெளிச்சம் வைத்து எடுத்தால், பக்கத்தில் நிற்கிற கறுத்த ஆளின் முகத்தில் வெள்ளி ரொம்பக் குறைவு. கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி. பிரிண்ட் போட்டால் வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும், முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும்.

அப்பா வேலை பார்த்த கடையின் சட்டம் அதுதான்: வேட்டி எரியக்கூடாது, ஜரிகை எரியக்கூடாது. மூஞ்சி கறுப்பாக இருந்தால் டச்சிங் பண்ணிக்கொள்ளலாம். நெகடிவின்மேல் கூரான பென்சிலால் தேய்த்தால் அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும். காசு உள்ளவனுக்குப் பென்சில். மற்றவனுக்கு இருட்டு.

ஆனால் உலகம் முழுக்க இந்தத் தொழிலில் உள்ள பழைய விதி வேறு. நிழலுக்குத் தக்கபடி எக்ஸ்போஸ் பண்ணு, வெளிச்சத்துக்குத் தக்கபடி டெவலப் பண்ணு என்பதுதான் அது. நிழலில் இருப்பவனுக்குப் போதுமான வெளிச்சத்தை எடுக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காததைப் பிறகு எந்த ரசாயனத்தாலும் வரவழைக்க முடியாது. வேட்டி மிதமிஞ்சிப் போகாமல் இருக்க டெவலப்பரில் நேரத்தைக் குறைத்தால் போதும். ஆக, அத்தையின் முகம் காணாமல் போனதற்கு ஃபிலிம் காரணமில்லை. சுண்ணாம்புச் சுவரை அளந்துவிட்டு முகத்தை எடுத்திருக்கிறார் அந்தத் தம்பி. மீட்டர் சுவருக்குப் பதில் சொன்னது. தொழில் தெரியாததற்கு அழகியல் என்று பேர் வைத்துவிட்டால் எங்கள் முகம் திரும்பி வந்துவிடுமா?

சரி, ஒரு பையனின் பிழையைப் பெரிசு பண்ணுகிறேன் என்று சொல்வீர்கள். பிழை அவரோடு தொடங்கவில்லை. ஆன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்க மலைப்படக்காரரை ஃபிலிம் கூட்டத்தார் குலதெய்வம் மாதிரி கும்பிடுவார்கள். அவர் ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 1940ஐ ஒட்டி உண்டாக்கிய மண்டல முறை, முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரைக்கும் படிகளாகப் பிரிக்கிறது. அதில் வெள்ளைக்காரத் தோல் ஆறாம் படி. அதைத்தான் சராசரித் தோலாக வைத்திருக்கிறது. கறுத்த தோல் ஐந்தாம் படியில், சாம்பல் நிறக் கல்லோடும் வெயில் மழையில் அடிபட்ட மரத்தோடும் ஒரே பட்டியலில் இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. படி சரியான படிதான், கணக்கும் சரியான கணக்குதான். யாரை நடுவில் வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தார் என்பதைத்தான் பாருங்கள் என்கிறேன்.

கலர் ஃபிலிமின் கதை இன்னும் கேவலம். கோடாக் கம்பெனி 1950களிலிருந்து லேப்களுக்கு ஒரு அட்டை அனுப்பியது. அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. அவள் தோல் சரியாக வந்துவிட்டால் கலர் சரி என்று அர்த்தம். முதலில் நின்ற மாடலின் பேரால் அதற்கு ஷெர்லி அட்டை என்றே பேராகிவிட்டது. கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்த பள்ளிக்கூடப் படத்தில் கறுப்புக் குழந்தையின் முகம் இருட்டாக வரும். தாய்மார்கள் முறையிட்டார்கள். லோர்னா ராத் என்கிற கனடா நாட்டு ஆய்வாளர் கோடாக்கில் வேலை பார்த்தவர்களையே கேட்டு எழுதியிருக்கிறார்: கம்பெனியை அசைத்தது தாய்மார்கள் இல்லை. சாக்லேட் கம்பெனிக்காரனும் மர சாமான் கம்பெனிக்காரனும் 'எங்கள் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக வரவில்லை' என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தப் பார்த்தார்கள். மனிதன் கேட்டுக் கிடைக்காத நிறம் மேசை கேட்டுக் கிடைத்தது.

போலராய்டு இன்றைக்கு நகரத்துப் பிள்ளைகளின் செல்லப் பொம்மை. கல்யாண வரவேற்பில்கூட வைக்கிறார்கள், எடுத்தவுடன் படம் கையில் வருகிறதே என்று. தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தில் ஒட்டிய படங்களுக்கு அதே கம்பெனியின் சரக்குதான் போனது. 1970இல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியிலேயே வேதியியலாளராக இருந்த கரோலின் ஹன்டர் என்ற கறுப்பினப் பெண்ணும் அவரோடு வேலை பார்த்த கென் வில்லியம்ஸும் இதைக் கண்டுபிடித்துக் கிளர்ச்சி செய்தார்கள். ஹன்டரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர்கள் விடவில்லை. 1977இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ரசாயனம் தெரிந்த ஒரு பெண் அந்த ரசாயனம் யாருக்குப் போகிறது என்று கேட்டாள், அவ்வளவுதான். டார்க் ரூம் கற்றுக்கொடுக்கிற எந்தப் பட்டறையிலாவது இவள் பேரைச் சொல்கிறார்களா?

நம்ம ஊருக்கே வருவோம். பழைய கேமராவின் பொற்காலத்தில் நாம் எங்கே இருந்தோம்? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் பட்டினியில் கிடந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். விலா எலும்பை எண்ணலாம். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். சாகக் கிடக்கிறவனை அசையாதே என்று சொல்லி எடுத்த படங்கள் அவை. எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர், மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், 1909இல் ஏழு தொகுதியாகச் சாதிகளைப் புத்தகம் போட்டார், படங்களோடு. அதில் சாதிக்குப் பேர் இருக்கும், ஆளுக்குப் பேர் இருக்காது. சென்னைக் கூடத்தில் அத்தையின் படத்தடியில் பேர் இல்லாததைப் பார்த்தபோது எனக்கு தர்ஸ்டன்தான் ஞாபகத்துக்கு வந்தார். தர்ஸ்டனாவது விலை எழுதவில்லை.

அதற்குப் பிறகும் எங்கள் காலனியில் போட்டோ என்பது என்ன? செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து மாலை போட்டு எடுத்த படம். அதுவும் காசு இருந்தால். 1993இல் வாக்காளர் அடையாள அட்டை வந்தது. அப்புறம் எங்கள் தெருவுக்கும் அட்டைக்காரர்கள் வந்தார்கள். எங்கள் தெருக் கிழவிகளில் பாதிப் பேருக்கு வாழ்நாளின் முதல் படம் அந்த அட்டைப் படம்தான். அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. அதையே பெரிசு பண்ணிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு.

எங்கள் ஆயாவுக்கு அதற்கு முன்னாலேயே ஒரு படம் இருந்தது. 1979இல் அப்பா எடுத்தது. நூற்றிருபது ஃபிலிமில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒரு கல்யாண ரோலில் பதினொன்று முடிந்து ஒன்று பாக்கி இருந்தது. மொதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஆயா சந்தைக்கு வந்தவள் மகனைப் பார்க்கப் பின்வாசலில் வந்து நின்றாள். அப்பா அவளை முன்கட்டுக்குக் கூட்டிவந்து தாஜ்மகால் முன்னாடி நிறுத்தி, மொதலாளி வைக்கிற அளவைவிட இரண்டு படி கூடத் திறந்து எடுத்துவிட்டார். "எங்கம்மா மூஞ்சில வெள்ளி நெறைய நிக்கணும்னு எடுத்தன்" என்பார். ரோலைக் கழுவினதும் மொதலாளி எண்ணிப் பார்த்தார். இரண்டு அறை. ஒரு மாசச் சம்பளம் பிடித்தம். ஒரே ஒரு பிரிண்ட், அஞ்சல் அட்டை அளவு, அப்பா ராத்திரியில் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு வந்தார். நான் பிறப்பதற்கு முந்தின மழையில் கூரை ஒழுகி அது சுவரோடு ஒட்டி உரிந்துபோனது. நான் பார்த்ததில்லை.

நெகடிவ் கடையில் இருந்தது. அப்பா இருபது வருஷம் கேட்டார். "நெகடிவ் கடை சொத்துடா" என்பதே பதில். ஸ்டுடியோத் தொழிலில் பெரும்பாலும் அப்படித்தான்: படம் உனக்கு, நெகடிவ் எனக்கு. இன்னொரு பிரிண்ட் வேண்டுமென்றால் இன்னொரு தடவை வந்து நில். 2005இல், நான் ப்ளஸ் டூ படிக்கும்போது, கடையை மூடினார்கள். டிஜிட்டல் வந்துவிட்டது. ஊட்டி இந்து நகரில் 1960இல் அரசாங்கம் தொடங்கிய ஃபிலிம் தொழிற்சாலையே அப்போது நொடித்துப்போய்க் கிடந்தது, பிறகு அதையும் மூடினார்கள். இந்து என்றால் நிலா என்றும் அர்த்தம், தமிழ் எம்.ஏ. படித்தவள் என்கிற முறையில் சொல்லிவைக்கிறேன். அந்த நிலாவும் அஸ்தமித்தது, தாலுகா ஸ்டுடியோ எம்மாத்திரம்? நெகடிவை எல்லாம் வெள்ளி எடுக்கிறவன் கிலோக் கணக்கில் வாங்கிக்கொண்டு போனான். அப்பாவும் நானும் ஓடினோம். சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கொடு, தேடிக்கொள்கிறேன் என்று அப்பா கெஞ்சினார். எத்தனை சாக்கில் எந்த உறை? வண்டி போய்விட்டது. ஆயாவின் முகத்தில் அப்பா அதிகமாக நிற்கவைத்த வெள்ளியை எவனோ உருக்கினான். கொலுசாகியிருக்கும், இல்லை பூஜைக் குத்துவிளக்காகியிருக்கும்.

இதனால்தான் 'ஃபிலிம் என்றால் நிலையானது, டிஜிட்டல் அழிந்துபோகும்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பீரோ இருக்கிறவனுக்கு நிலையானது.

நம் தோழர்கள் சில பேர் நேர் எதிராகப் பேசுகிறார்கள். "இன்னாத்துக்குக்கா இந்த ஃபிலிமு? போன் இருக்கு. காசுக்குக் கேடு." நியாயம்தான். ஒரு தாக்குதல் நடந்த இடத்துக்குப் போகும்போது நானும் போனில்தான் எடுக்கிறேன். ஆனால் போனுக்குள்ளும் ஒரு டச்சிங் பென்சில் உட்கார்ந்திருக்கிறது, தோழரே. கேட்காமலே முகத்தை வெளுக்கிறது. கறுத்த தோலைச் சரியாகக் காட்டும் என்று தனியாக விளம்பரம் பண்ணி கூகுள் ஒரு போனை விட்டதே 2021இல்தான். அதுவரைக்கும் என்ன காட்டிக்கொண்டிருந்தார்களாம்? நம் வீட்டு ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜாதகத்தோடு அனுப்ப எடுக்கிற படத்துக்கு "கொஞ்சம் செவப்பா போடுப்பா" என்று எங்கம்மாவே கேட்டிருக்கிறாள், என் படத்துக்கு.

அடிமையாகப் பிறந்து தப்பித்து வந்த ஃபிரடெரிக் டக்ளஸை அமெரிக்காவின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரைவிடவும் அதிகமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். நூற்று அறுபது படம்வரைக்கும் ஆய்வாளர்கள் திரட்டியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் முன்னால் தன் இஷ்டத்துக்குப் போய் நின்றவர், சிரிக்காமல் நேரே பார்த்தவர். போட்டோவைப் பற்றிச் சொற்பொழிவே செய்திருக்கிறார். பாபாசாகேப் கோட்டு சூட்டோடு எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படங்களையும் பாருங்கள். கோட்டு என்ன நிறம் என்று அந்தப் படம் சொல்லாது. நீலத்தைப் பூசியது நம் ஆட்கள்.

ஆகவே நான் ஃபிலிமை விடவில்லை. அப்பா செத்த பிறகு அவர் வாங்கி வைத்திருந்த பழைய கிளிக் 3ஐ எடுத்தேன். பரோடாவில் செய்தது. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. வெயில் நாளிலும் நான் மேகத்தில் வைத்துத்தான் எங்கள் ஆட்களை எடுக்கிறேன், இரண்டு படி நீளமாக இல்லாவிட்டாலும் ஏதோ கொஞ்சம் வெளிச்சம் கூட. மீட்டர் உள்ள கேமரா கிடைத்தால் அப்பா சொன்னபடி உள்ளங்கையை அளந்து ஒரு படி கூட்டுகிறேன். உள்ளங்கை நிறத்தில் ஆளுக்கு ஆள் அதிக வித்தியாசம் கிடையாது. மொதலாளி கையும் தன் கையும் மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதை அப்பா யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்து வைத்திருந்தார். சமையலறையில் ராத்திரி கதவிடுக்கில் கோணி அடைத்து, போர்வைக்குள் கையை விட்டு ஃபிலிமைச் சுற்றி டாங்கில் போடுகிறேன். புத்தகம் டெவலப்பருக்கு இருபது டிகிரி சொல்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சித்திரையில் முப்பதைத் தாண்டும். மண்பானையில் ஊற்றிவைத்து, இறங்கின மட்டுக்கு நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இரண்டு ரோல் பாழாய்ப் போனது. ஹைப்போவை அப்பா மாதிரி வெறுங்கையில் தொடுவதில்லை, கையுறை போடுகிறேன். காலனி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கும் முதல் பாடம் கையுறைதான்.

அத்தையை மறுபடி எடுத்தேன், அதே சுண்ணாம்புச் சுவர் முன்னால். சுவர் எரிந்து வெளுத்துவிட்டது, போகட்டும். அத்தை பிரிண்டை வாங்கி, "நான் இவ்ளோ கறுப்பாடி?" என்றாள் முதலில். அப்புறம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்கம்மா ஜாட அப்பிடியே வந்துருக்கு" என்றாள். அத்தையின் அம்மாதான் நான் பார்க்காத அந்த ஆயா.

இனி பழைய கேமராவோடு எங்கள் தெருவுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. எடுத்த ஆளின் பேர் படத்தடியில் இருக்க வேண்டும், அவர் சம்மதிக்காமல் விலை போடக்கூடாது. நெகடிவை வெட்டி எங்கள் நூலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பிரிண்ட் வேண்டுமென்றால் நீங்கள் எங்களிடம் வந்து கேளுங்கள். இதை வைத்து இரண்டு கடிதம் அந்தக் கூட்டத்தாருக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, ஸ்கேன் பண்ணி அனுப்புகிறோம், நெகடிவ் எடுத்தவரின் படைப்பு, அதைத் தருகிற வழக்கம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கடை சொத்துடா என்பதற்கு நல்ல தமிழ்.

மூன்றாவது கடிதம் போன வாரம் போட்டிருக்கிறேன், அத்தையின் கைநாட்டோடு.